திரும்பி வரும் பையே லாபம் தரும் பை



மளிகைத் தொழிலில் எதையும் வீணாக எறியும் பழக்கம் நம் முன்னோர்களுக்கு இருந்ததில்லை. அரிசி வந்த கோணி, எண்ணெய் வந்த டின், பிஸ்கட் வந்த தகர டப்பா, சோடா வந்த கோலி பாட்டில் ஆகிய எல்லாவற்றுக்கும் காலியான பிறகும் ஒரு விலை இருந்தது. காலிக் கோணி விற்ற காசில் கூலி கொடுத்த கடைகள் உண்டு. இன்று சுற்றுச்சூழல் அறிஞர்கள் பெரிய பெரிய பெயர்களில் சொல்வதை அன்றைய கடைக்காரர் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

பிறகு வந்தது பிளாஸ்டிக் கேரி பேக். எடை இல்லை, நனையாது, விலையும் சொற்பம். வாடிக்கையாளர் வெறுங்கையோடு வரலானார். பை கொடுப்பது கடைக்காரரின் கடமை என்றே ஆகிவிட்டது.

சொற்பம் என்று நினைக்கிற அந்தச் செலவை ஒரு முறை கூட்டிப் பாருங்கள். நாளொன்றுக்கு 100 பை, பை ஒன்றுக்கு 50 காசு என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,500 ரூபாய். ஆண்டுக்கு 18,000 ரூபாய்க்கு மேல். எந்தப் பில்லிலும் ஏறாமல் கல்லாவிலிருந்து போகும் பணம் இது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசு 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தது. எந்த அளவு, எந்தத் தடிமனாக இருந்தாலும் கேரி பேக் கூடாது. நம்மில் பலர் ஏமாறும் இடங்கள் இரண்டு உண்டு. துணி போலவே தோன்றும் நெய்யாத பை உண்மையில் துணியன்று. அதுவும் பிளாஸ்டிக் இழைதான். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பேப்பர் தட்டு ஆகியவையும் அப்படியே. இவை எல்லாம் தடைப் பட்டியலில் உள்ளவை. "துணிப்பை என்று சொல்லித்தான் விற்றார்கள்" என்பது சோதனைக்கு வரும் அதிகாரியிடம் எடுபடாது. சரக்கும் போகும், அபராதமும் சேரும்.

2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. 2022-ல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் செலுத்தினால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்கு நாடு முழுவதும் தடை வந்தது.

துணிப்பை கொடுத்தால் மட்டும் போதுமா?

போதாது. பிளாஸ்டிக் பைக்கு 1965-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் துலின், காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கவே அதைச் செய்தார் என்றும், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்துவார்கள் என்று எண்ணினார் என்றும் அவருடைய மகன் கூறியிருக்கிறார். நல்ல நோக்கத்தில் பிறந்த பொருள்தான். எறியும் பழக்கமே அதைக் குப்பையாக்கியது.

துணிப்பைக்கும் அதே கதி நேரலாம். பருத்தி விளைவிக்க நீர், உரம். நெய்யவும் சாயமிடவும் மின்சாரம் என்று செலவு ஏராளம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை மெல்லிய பிளாஸ்டிக் பையை மிஞ்ச வேண்டுமானால் குறைந்தது 131 முறை பயன்பட வேண்டும். வாரம் இருமுறை கடைக்கு வருபவருக்கு அது சுமார் 15 மாதம்! ஆகவே இலவசமாகத் துணிப்பை கொடுத்து, அது ஒரு வாரத்தில் குப்பைக்குப் போனால் நமக்கும் நட்டம், நாட்டுக்கும் நட்டம். பை திரும்பி வருகிறதா என்பதே கேள்வி.

பக்கத்திலேயே இருக்கும் பாடம்

நம் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஓரகடம் வட்டாரத்தையே பாருங்கள். 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஓரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை திறக்கப்பட்டது. கார்த் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உதிரிபாகங்கள் வரும் பெட்டிகளும் இரும்புக் கூடைகளும் காலியானதும் அதே லாரியில் திரும்பிப் போகும். ஒரே பெட்டி பல நூறு முறை சுற்றிவரும். கோடிக்கணக்கில் முதலீடு செய்தவர்கள் பெட்டியை எறிவதில்லை. நாம் மட்டும் ஏன் எறிய வேண்டும்?

ஆனால் நம் வாடிக்கையாளரின் நிலைமை வேறு. வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளி, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வருகிறார். பை இருந்தாலும் அறையில் இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வழி செய்து கொடுக்க வேண்டியது நாம்தான்.

நாம் செய்யக்கூடியவை

1. முன்பணப் பை: பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு பை கொடுங்கள், திருப்பித் தந்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். நீலகிரி மாவட்டத்தில் 2022-ல் மதுபாட்டில்களுக்கு இதே முறையில் பத்து ரூபாய் வைத்தார்கள். காடுமேடெல்லாம் கிடந்த பாட்டில் கடைக்குத் திரும்பியது. பிற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது.

2. பொதுப் பை: ஒரு தெருக் கடைகள் அனைத்தும் சேர்ந்து சங்க முத்திரையோடு ஒரே பை அடிக்கலாம். எந்தக் கடையில் வாங்கினாலும் எந்தக் கடையிலும் திருப்பலாம். மொத்தமாக அடித்தால் விலையும் இறங்கும். தாம்பூலப் பையில் ஜவுளிக்கடைப் பெயர் ஊரெல்லாம் போனதுபோல நம் பெயரும் போகும்.

3. சில்லறை எடை: பருப்பு, சர்க்கரையை முன்கூட்டியே பிளாஸ்டிக்கில் கட்டி வைக்காமல், காகிதப் பொட்டலமாகவோ வாடிக்கையாளரின் டப்பாவிலோ நிறுத்துக் கொடுங்கள். டப்பா எடையை முதலில் கழித்துக் காட்டினால் நம்பிக்கை வளரும்.

4. மொத்த வியாபாரிகள் கோணி, டின், அட்டைப்பெட்டி ஆகியவற்றைத் திரும்ப எடுக்கும் பழைய வழக்கத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

நம் நியாயமான கேள்வி

அபராதம் நமக்கு, ஆனால் கடைமுன் தோரணமாகத் தொங்கும் சாஷே யாருடையது? ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்த உத்தியில் கடலூர் சின்னிகிருஷ்ணனுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் பெரும் பங்கு உண்டு. அன்றாடக் கூலிக்காரருக்கு அது பெரிய உதவி. ஆனால் பல அடுக்குகள் ஒட்டிய அந்த உறையை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். பழைய பேப்பர்க்காரர் கூடத் தொடமாட்டார். உறைக்குப் பொறுப்பு அதை வெளியிடும் நிறுவனமே என்று 2016 விதிகளும் 2022 பிப்ரவரி வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. காலி உறைகளைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளிடம் சங்கத்தின் வாயிலாகவே கேட்போம். தனிக் கடையின் குரல் கேட்காது.

இறுதியாக ஒன்று. ஸ்ரீபெரும்புதூருக்குக் கிழக்கே இருக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. அதன் உபரிநீர் அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாடறியும். வெள்ளத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் கால்வாயை அடைக்கும் பை எந்த வெள்ளத்தையும் கூட்டவே செய்யும். தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது தரையில் அடுக்கிய நம் மூட்டைகளே. 50 காசுப் பை தடுத்து நிறுத்திய தண்ணீர் ஒரே இரவில் ஒரு வருட லாபத்தைக் கொண்டுபோகும்.

போன பை திரும்பி வரட்டும், கல்லாவும் நிறையட்டும்.