புட்டிக்குள் என்ன? – 17: காகித மூடி

கஞ்சாச் செடியில் போதை தருவது டிஎச்சி, சிபிடி போதை தராது என்பதைப் போன வாரமே பார்த்துவிட்டோம். இரண்டையும் இன்னும் குழப்பிக்கொள்கிறவர்கள் அந்த இதழை ஒருமுறை புரட்டிவிட்டு வரவும். இந்த வாரம் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சிபிடி உதவுமா என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 1843-இல் இங்கிலாந்தின் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை என்னைப் பிடித்துக்கொண்டது. புட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் இந்தத் தொடரில் முதல் வாரத்திலிருந்து நான் கேட்டுவரும் கேள்வி. அதற்கு இவ்வளவு பழைய சாட்சி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எழுதியவர் வில்லியம் புரூக் ஓஷானஸி. அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1833-இல் கல்கத்தா வந்தவர். வருவதற்கு முன்பே, இருபது வயதைத் தாண்டிய கையோடு, காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அவர்கள் இழப்பது தண்ணீரும் உப்பும்தான் என்று எழுதியிருந்தார். இன்று ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலின் பூர்வகதையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் மருத்துவத்தை விட்டுத் தந்திக்குப் போனார். கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாவற்றையும் இணைத்த முதல் தந்திக் கம்பிகள் அவருடைய மேற்பார்வையில் போடப்பட்டவை. அதற்காக 1856-இல் சர் பட்டமும் கிடைத்தது. இவரைப் பற்றியே தனித் தொடர் எழுதலாம்.

நமக்கு வேண்டியது 1830-களின் கடைசி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஓஷானஸி, ஊர்க்காரர்கள் கஞ்சாவை எதற்கெல்லாம் மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்று வைத்தியர்களிடம் விசாரித்தார். முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகுதான் நோயாளிகளிடம் வந்தார். கஞ்சாப் பிசினைச் சாராயத்தில் கரைத்து ஒரு கரைசல் செய்துகொண்டார். அதில் ஒரு சொட்டில் எத்தனை கிரெய்ன் பிசின் என்று கணக்கு வைத்திருந்தார். இந்தக் கணக்குக்காகவே எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை.

அவரிடம் பிறந்து நாற்பதே நாளான ஒரு பெண் குழந்தை வந்தது. வலிப்பு. பேதி மருந்து கொடுத்தாயிற்று, வெந்நீரில் குளிப்பாட்டியாயிற்று, தலையில் அட்டை விட்டு ரத்தம் எடுத்தாயிற்று, அபினும் கொடுத்தாயிற்று. செப்டம்பர் கடைசியில் வலிப்பு ஏறக்குறைய ஓயாமல் வந்தது. குழந்தை பால் குடிக்கவில்லை, உடம்பு வற்றிக்கொண்டே போனது. பெற்றோரிடம் தன் சோதனைகளைச் சொல்லிச் சம்மதம் வாங்கி, இரவு பத்து மணிக்கு ஒரே ஒரு சொட்டைக் குழந்தையின் நாக்கில் விட்டார். ஒரு சொட்டில் ஒரு கிரெய்னில் இருபதில் ஒரு பங்கு பிசின். நம் கணக்கில் சுமார் 3 மில்லிகிராம். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு சொட்டு. குழந்தை சில நிமிஷங்களில் தூங்கிவிட்டது. பிறகு எழுந்தபோது பசித்து அழுதது. தாய்ப்பாலை நன்றாகக் குடித்துவிட்டு மறுபடி தூங்கியது. வலிப்பு நின்றது.

சில நாளில் திரும்ப வந்தது. மறுபடி அதே மருந்து, இந்த முறை ஐந்து ஐந்து சொட்டாக. ஒரே நாளில் நாற்பது சொட்டுக்கு மேல் போய்விட்டது. குழந்தைக்கோ ஏறக்குறைய முப்பது தடவை வலிப்பு. மூன்றே சொட்டில் அடங்கியது இப்போது ஏன் அடங்கவில்லை?

மறுநாள் காரணம் தெரிந்தது. வேலையாள் மருந்தை ஒரு சின்னப் புட்டியில் ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி மூடியாக அடைத்து வைத்திருந்தார். சாராயம் ஆவியாகிப் போய்விட்டது. பிசின் முழுவதும் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தை முந்தின நாள் முழுக்கக் குடித்தது வெறும் தண்ணீர்.

ஓஷானஸி இதை மறைக்கவில்லை, அப்படியே அச்சில் ஏற்றினார். புது மருந்து செய்து கொடுத்தபோது வேகம் குறைந்ததே தவிர வலிப்பு நிற்கவில்லை. நம்பிக்கை இழந்து நிறுத்தினார். நிலைமை மோசமாகி, உடம்பு வில்லாக விறைத்து மணிக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஒரே தடவையாக முப்பது சொட்டு, ஏறக்குறைய 100 மில்லிகிராம் பிசின் கொடுத்தார். கைகால் தளர்ந்து குழந்தை பதின்மூன்று மணி நேரம் தூங்கியது. அந்தக் குழந்தை பிழைத்தது.

ஒரு குழந்தை பிழைத்ததால் மருந்து நிரூபணமாகிவிடாது. கைக்குழந்தைகளின் வலிப்பு சில சமயம் தானாகவே நின்றுவிடும். அவர் கொடுத்ததும் சிபிடி மட்டுமல்ல, செடியின் பிசினில் இருந்த எல்லாமும்தான். ஆனாலும் சிபிடியைப் பற்றி இன்றைக்கு நமக்கு உறுதியாகத் தெரிந்த இரண்டு விஷயங்களும் அந்த அறையிலேயே இருந்தன. வேலை செய்தால் அது வலிப்பில்தான் செய்கிறது. அங்கும் அளவு தப்பினால் ஒன்றுமில்லை.

இரண்டாவது குழந்தையின் கதை பலருக்குத் தெரியும். அமெரிக்காவின் கொலராடோவில் சார்லட் ஃபிகி. டிராவெட் சிண்ட்ரோம் என்ற அரிய வகை வலிப்பு நோய், வாரத்துக்கு 300 முறை வலிப்பு. டிஎச்சி மிகக் குறைந்த ஒரு கஞ்சா ரகத்தின் எண்ணெயில் அவளுக்கு வலிப்பு பெருமளவு குறைந்ததை 2013-இல் சிஎன்என் தொலைக்காட்சி காட்டியது. எத்தனையோ குடும்பங்கள் அந்த எண்ணெயைத் தேடிக் கொலராடோவுக்கே குடிபெயர்ந்தன. சிபிடி வியாபாரம் கொழித்ததும் அதற்குப் பிறகுதான்.

ஆனால் சார்லட்டுக்கு 33 வருஷம் முன்பே, 1980-இல், பிரேசிலின் சாவ் பாவ்லோவில் எலிசால்டோ கார்லினியின் குழுவும் இஸ்ரேலின் ரஃபேல் மெஷூலமும் இதைச் சோதித்துவிட்டார்கள். மற்ற மருந்துகளுக்கு வலிப்பு அடங்காத எட்டுப் பேருக்குத் தினமும் 200 முதல் 300 மில்லிகிராம் சுத்தமான சிபிடி. அவர்களைப் போன்ற வேறு சிலருக்குப் பார்வைக்கு அதே மாதிரி வெற்று மாத்திரை. சிபிடி எடுத்த எட்டில் நான்கு பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றேபோனது, மூன்று பேருக்கு ஓரளவு குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்குத்தான் முன்னேற்றம். சின்னச் சோதனைதான். ஆனால் இதைத் தொடர்ந்து பெரிதாகச் செய்ய முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் முன்வரவில்லை. மெஷூலம் 2023-இல் காலமாகும்வரை இதைச் சொல்லி வருந்திக்கொண்டிருந்தார். எனக்கும் ஆறவில்லை. அந்த இடைவெளியில் எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் துடித்திருப்பார்கள்!

பெரிய சோதனை 2017-இல் வந்தது. டிராவெட் நோயுள்ள 120 பிள்ளைகளும் இளைஞர்களும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் தினமும் சிபிடி. மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பின் நடு அளவு 5.9 ஆகக் குறைந்தது. வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு 14.9-இலிருந்து 14.1, அவ்வளவுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூனில் ‘எபிடியோலெக்ஸ்’ என்ற பெயரில் இதை மருந்தாக ஒப்புக்கொண்டது. டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டோ, பிறகு 2020-இல் டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ். இந்த மூன்று நோய்களின் வலிப்புக்கு மட்டும்தான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நியூஜெர்சியில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த சிபிடி புட்டி ஒன்றைச் சொந்தக்கார அம்மா ஒருவர் மூட்டுவலிக்கு வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். 30 மில்லி, மொத்தம் 1,000 மில்லிகிராம். டிராப்பர் நிறைய எடுத்தால் ஒரு மில்லி, அதாவது சுமார் 33 மில்லிகிராம். முன்பக்கம் பச்சை இலையும் ‘அமைதி’ என்ற பொருளில் ஒரு வார்த்தையும். பின்பக்கம் பொடி எழுத்தில், இந்தக் கூற்றுகளை எஃப்டிஏ மதிப்பிடவில்லை, எந்த நோயையும் குணப்படுத்தவோ தடுக்கவோ இது தயாரிக்கப்படவில்லை என்ற வாசகம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்தச் சோதனையில் கொடுத்தது நாளைக்கு 400 மில்லிகிராம். இந்தப் புட்டி அந்தக் குழந்தைக்கு இரண்டரை நாள் வரும். பெரியவர்களோ இதைத்தான் இரண்டு மாதம் சொட்டுச் சொட்டாக நாக்குக்கு அடியில் விட்டுக்கொள்கிறார்கள். வாய்வழி போகும் சிபிடியில் ரத்தத்தில் சேருவது நூற்றுக்குச் சுமார் ஆறு பங்குதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 1,000 மில்லிகிராமாவது உள்ளே இருக்கிறதா? 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இணையத்தில் 31 நிறுவனங்கள் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தவை 26. போட்டதைவிடக் குறைவு 22, அதிகம் 36. பதினெட்டில் டிஎச்சி இருந்தது. கல்கத்தாவில் அன்று புட்டியைச் சோதிக்க ஒரு டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். கடையில் வாங்குகிறவருக்கு யார் இருக்கிறார்கள்?

மூட்டுவலிக்கு வருகிறேன், அந்த அம்மா கேட்ட கேள்வி அதுதான். டென்மார்க்கில் கைமூட்டுத் தேய்மானமோ சோரியாசிஸ் மூட்டுவாதமோ உள்ள 136 பேருக்கு 12 வாரம் தினமும் 20 முதல் 30 மில்லிகிராம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அளவு போதவில்லை என்பார்கள். வியன்னாவில் முழங்கால் தேய்மானத்துக்கு 600 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள், அங்கும் பலனில்லை. ‘எனக்குக் குறைந்ததே’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கஞ்சாப் பொருள்களை வலிக்குக் கொடுத்த இருபது சோதனைகளை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2022-இல் தொகுத்தபோது, வெற்று மருந்து எடுத்தவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைந்திருந்தது. எந்தச் சோதனையாக இருந்தாலும் பத்திரிகைகள் அதைப் பெரும்பாலும் கொண்டாடியே எழுதியிருந்தன. பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற முறையில் இந்த முடிவை நான் மிகக் கவனமாகப் படித்தேன்.

என் தீர்ப்பு இதுதான். வேலை செய்யும் அளவில் சிபிடி ஒரு மருந்து. அதற்கு மருந்துக்குரிய பக்கவிளைவுகளும் உண்டு: வயிற்றுப்போக்கு, அசதி, பசியின்மை, கல்லீரல் என்சைம்கள் ஏறுவது. டாக்டர் இல்லாமல் எடுக்கக்கூடிய அளவு மிகச் சிறியது. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2023-இல், ஆரோக்கியமான பெரியவர்களே நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போக வேண்டாம் என்றது. அந்தப் பத்து மில்லிகிராம் எந்த நோயையும் தீர்த்ததாக ஒரு நல்ல சோதனையும் நான் பார்க்கவில்லை. நடுவில் இருக்கும் இந்தப் பெரிய பள்ளத்தில்தான் கோடிக்கணக்கான டாலர் வியாபாரம் நடக்கிறது.

பதற்றம் விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. அங்கேயும் அளவுதான் விளையாடுகிறது. மேடையில் பேசச் சொல்லிச் சோதித்த பிரேசில் ஆய்வு ஒன்றில் 150 மில்லிகிராம் பலிக்கவில்லை, 300 பலித்தது, 600 மறுபடி பலிக்கவில்லை. அது ஏன் என்பதையும், தூக்கத்தையும், நம் ஊரில் ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக விற்கும் புட்டிகளையும், சிபிடி ஏறக்குறைய இல்லவே இல்லாத கஞ்சாவிதை எண்ணெயை அதே அலமாரியில் வைத்து விற்பதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அதற்குள் ஒன்று. வீட்டில் வலிப்புக்கு வால்ப்ரோயேட் அல்லது குளோபசாம் சாப்பிடும் பிள்ளை இருந்தால், வெளிநாட்டிலிருந்து யார் எந்தப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாலும், நரம்பியல் டாக்டரிடம் காட்டாமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். குளோபசாமோடு சேர்ந்தால் அதன் வீரியம் ஏறிக் குழந்தை எழுப்ப முடியாத மயக்கத்தில் கிடக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். பழைய வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.