நெடுஞ்சாலை நிலமெடுப்பு: ‘பாதிக்கப்பட்டவர்’ யார் என்று தீர்மானிப்பவர் யார்?

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை முத்தரசநல்லூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை வழியாகக் காவிரியின் தென்கரையை ஒட்டிச் செல்கிறது. வாழையும் நெல்லும் விளையும் இந்நிலத்தில் பட்டா ஒருவர் பெயரிலும் உழைப்பு வேறொருவருடையதாகவும் இருப்பது புதிய செய்தியன்று. துவாக்குடியில் தொடங்கும் அரைவட்டச் சாலை ஜீயபுரத்தை அடுத்துத்தான் கரூர் சாலையைச் சேர்கிறது. அச்சாலை ஏரிகளின் ஊடே அமைவதை எதிர்த்து விவசாயிகள் நீதிமன்றம் சென்றதையும், பணி ஆண்டுக்கணக்கில் தடைபட்டதையும் இவ்வட்டாரத்தினர் அறிவர். நீருரிமையை முன்வைத்த அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் பட்டா இல்லாதவருக்கு நெடுஞ்சாலை நிலமெடுப்பில் என்ன உரிமை என்பது தனிக் கேள்வி. அதற்கான விடை ஓர் அலுவலரின் கோப்பில் எழுதப்படுகிறது.

நெடுஞ்சாலைப் பிரச்சினை என்றதும் நாம் முற்றுகையிடுவது தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் திட்ட இயக்குநர் அலுவலகத்தை. சாலைப் பணியும் ஒப்பந்தமும்தான் அவர் பொறுப்பு. நிலத்தைப் பொறுத்தவரை, 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் வேறொருவரிடம் அதிகாரத்தை ஒப்படைத்துள்ளது. மத்திய அரசு அறிவிக்கை மூலம் நியமிக்கும் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ அவர். தமிழ்நாட்டில் இப்பொறுப்பை வகிப்பவர் பெரும்பாலும் தனி மாவட்ட வருவாய் அலுவலர். அதாவது, மத்தியச் சட்டத்தின்கீழ் செயல்படும் மாநில அரசு அலுவலர்.

3ஏ பிரிவின்கீழ் நிலமெடுப்பு அறிவிக்கை வெளியானதும் 21 நாள்களுக்குள் ஆட்சேபணையை எழுத்து மூலம் தரவேண்டும். அதை விசாரித்து ஏற்பதும் தள்ளுவதும் இவ்வலுவலரே. பின்னர் 3டி பிரிவின்கீழ் அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே நிலம் மத்திய அரசுக்கு உரியதாகிவிடும். இழப்பீட்டுத் தொகை அதன் பிறகே தீர்மானிக்கப்படும். முதல் அறிவிக்கையிலிருந்து ஓராண்டுக்குள் இரண்டாவது அறிவிப்பு வராவிட்டால் முதல் அறிவிக்கை செயலிழக்கும் என்பதை நினைவிற்கொள்க.

சாலையே வேண்டாம் என்று போராடும் வழி குறுகலானது. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கான அறிவிக்கைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவற்றை நிலைநிறுத்தியது. எனவே தொகையும் மறுவாழ்வும் தீர்மானிக்கப்படும் கட்டத்தைக் கைவிடுவது அறிவுடைமையாகாது.

அக்கட்டத்தில் அலுவலரின் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஹக்கீம் வழக்கே சான்று. வருவாய் அலுவலர் வழிகாட்டி மதிப்பைக் கொண்டு சதுர மீட்டருக்கு நூறு ரூபாய்க்கும் குறைவாகத் தொகை நிர்ணயித்தார். அதற்கு எதிரான முறையீட்டைக் கேட்பவர் மத்திய அரசு நியமிக்கும் நடுவர். அங்கே நடுவராயிருந்தவர் மாவட்ட ஆட்சியர். அவரும் அதையே உறுதிசெய்தார். மாவட்ட நீதிமன்றம் தொகையை 645 ரூபாயாக உயர்த்தியது. நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் திருத்த முடியாது, ரத்து மட்டுமே செய்யலாம் என்று 2021 ஜூலையில் உச்சநீதிமன்றம் கூறியது. ஆயினும் அந்த விவசாயிகள் பெற்ற உயர்வில் கைவைக்க மறுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வு வரம்புக்குட்பட்ட திருத்த அதிகாரத்தை ஏற்றுள்ளது. ஒரு வருவாய்த் துறை அதிகாரியின் முடிவை அதே நிர்வாகத்தின் மேலதிகாரியிடம் முறையிடும் ஏற்பாட்டை நடுநிலை என்று எப்படி அழைப்பது?

இவ்வளவும் பட்டா உள்ளவரின் கதை. நிலமற்றவருக்கு உரிமை தருவது 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம். அதன் முதல் மூன்று அட்டவணைகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைத் திட்டங்களுக்கும் பொருந்தும். அச்சட்டத்தின்படி, எடுக்கப்படும் நிலத்தை மூன்றாண்டுகளாக வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயத் தொழிலாளரும், குத்தகைதாரரும், வாரதாரரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’. அரசுத் திட்டத்தில் நிலம் ஒப்படை பெற்ற குடும்பமும் அவ்வாறே. வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அல்லது மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 ஆண்டுகளுக்கான தொகை என்ற தெரிவு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதே அட்டவணையில் அதிகம் பேசப்படாத வாசகம் ஒன்றும் உண்டு: எத்திட்டமாயினும், நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எடுக்கப்பட்ட அளவு நிலம் அல்லது இரண்டரை ஏக்கர், இவற்றில் எது குறைவோ அது நிலமாகவே வழங்கப்பட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு போகச் சொல்லும் அலுவலரிடம் முதலில் காட்டவேண்டிய வாசகம் இதுவே.

இங்கு ஆவணமே தடை. கூலித் தொழிலாளியின் பெயர் அடங்கலில் ஏறுவதில்லை. வாய்மொழிக் குத்தகைக்குப் பதிவில்லை. குத்தகை உரிமைகளைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியும் நிலைமை இதுதான். பஞ்சமி நிலமோ, நிபந்தனையை மீறிக் கைமாறிய பின் வேறொருவர் பட்டாவில் நிற்கும்; இழப்பீட்டுக் காசோலையும் அந்தப் பெயருக்கே போகும். தொகை யாருக்குரியது என்று தகராறு எழுந்தால், அதை உரிய முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தின் முடிவுக்கு அனுப்பவேண்டும் என்கிறது 3எச் பிரிவு. தகராறு எழுப்பப்பட்டால்தானே அனுப்புவார்கள்.

தொகையை நிர்ணயிக்குமுன் இரு நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட்டு, அக்கறையுள்ள அனைவரின் கோரிக்கைகளையும் அலுவலர் கேட்டாகவேண்டும் என்பது 3ஜி பிரிவு. அவற்றுள் ஒன்று வட்டார மொழி நாளிதழ். அந்த அறிவிப்பில் சர்வே எண்கள்தான் இருக்கும்; தெருப் பெயரோ சேரிப் பெயரோ இராது. எந்த எண்ணில் எவரெவர் உழைக்கிறார்கள் என்ற பட்டியலை மாணவர்களும் இயக்கத்தினரும் வீடுவீடாகச் சென்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சாதிச் சான்று, குடும்ப அட்டை, ஊரக வேலை அட்டை, உடன் உழைப்போரின் சாட்சியம் ஆகியவற்றை இணைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மனு எழுதி, வருவாய் அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும்.