சந்தை மண்டபமும் நாடக அரங்கும்: மான்செஸ்ரர் வணிகக்கூடம் பற்றிய ஒரு நோக்கு

கட்டடக்கலை பற்றித் தமிழில் எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் கோயில்களையும் அரண்மனைகளையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. வாணிபத்தின் பொருட்டு எழுப்பப்பட்ட கட்டடங்கள் கலை வரலாற்றுக்குப் புறம்பானவை என்ற எண்ணம் எம்மிடையே நிலவுவதே இதற்குக் காரணம் எனலாம். ஆயின், நிலப்பிரபுத்துவ சமுதாயத்திற் கோயில் பெற்றிருந்த இடத்தை முதலாளித்துவ சமுதாயத்திற் பெற்றது சந்தையே. எனவே அச்சமுதாயத்தின் இயல்பினை அறிய விழைவோர் அதன் சந்தைக் கட்டடங்களையும் ஊன்றி நோக்குதல் வேண்டும். இவ்வகையில், இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிலுள்ள ‘றோயல் எக்ஸ்சேஞ்ச்’ என்னும் வணிகக்கூடம் எமது கவனத்துக்குரியது. ஒருகாலத்தில் உலகப் பருத்தி வாணிபத்தின் தலைமை நிலையமாக விளங்கிய அது, இன்று சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட மரபுரிமைக் கட்டடம். அதனுள்ளே நாடக அரங்கொன்று அமைந்துள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதிற் பேணப்பட்டது எது, விடுபட்டது எது என்பனவற்றையே இங்கு நோக்குகின்றோம்.

இப்பொழுதுள்ளது அவ்வகையில் மூன்றாவது கட்டடமாகும். முதலாவதை 1729 இல் அவ்வூரின் நிலவுரிமைக் கோமானாகிய சேர் ஒஸ்வால்ட் மோஸ்லி கட்டுவித்தார். அது 1792 இல் இடிக்கப்பட்டது. இரண்டாவது, தோமஸ் ஹரிசன் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்து 1809 இல் திறக்கப்பெற்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் நீராவியந்திரம் நூற்பாலையுட் புகுந்தது. மான்செஸ்ரரும் சந்தையூர் என்ற நிலையிலிருந்து ஆலை நகராயிற்று.

புதிய மண்டபம் தொடக்கத்திலிருந்தே வர்க்க முரண்பாட்டின் களமாயிருந்தது. 1812 ஏப்பிரல் 8 ஆம் நாள், அரசப் பிரதிநிதியாயிருந்த இளவரசர் பழைய அமைச்சரவையையே தொடர்ந்து வைத்துக்கொண்டமையைப் பாராட்டும் கூட்டமொன்று அங்கு நிகழவிருந்தது. போராலும் உணவு விலையேற்றத்தாலும் நலிவுற்றிருந்த மக்கள் மண்டபத்துட் புகுந்து தளபாடங்களையும் சாளரங்களையும் நொறுக்கினர். வணிகர்களின் மண்டபம் தமது துயரத்துடன் தொடர்பற்றதன்று என அவர்கள் கருதியமை தெளிவு.

பிரெடெரிக் ஏங்கெல்ஸ் இவ்வணிகக்கூடத்தின் உறுப்பினராயிருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. தம் தந்தையார் பங்காளராயிருந்த நூற்பு நிறுவனத்திலே 1850 முதல் 1869 வரை பணியாற்றிய காலத்தில், அவர் சென்றுவந்தது இந்த இரண்டாவது கட்டடத்துக்கேயாகும். வணிக நடைமுறை குறித்து மார்க்சுக்கு அவர் எழுதியனுப்பிய செய்திகள் இத்தகைய நேரடி அனுபவத்தின் வழிவந்தவை. ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்த 1867 ஆம் ஆண்டிலேயே, தற்போதைய கட்டடத்தின் வேலையும் தொடங்கிற்று.

மில்ஸ், மேர்கற்றொய்ட் ஆகிய கலைஞரின் திட்டப்படி 1874 இல் நிறைவெய்திய இக்கட்டடம், 1914 முதல் 1921 வரை பிறட்சோ, காஸ், ஹோப் நிறுவனத்தினராற் பெரிதாக விரிவாக்கப்பட்டது. வெளிப்புறத்தே கொறிந்தியத் தூண்கள், மணிக்கூட்டுக் கோபுரம் ஆகியவற்றால் அது தொன்மைக் கோலம் பூண்டு நிற்கின்றது. உட்புறத்தின் தருக்கமோ வேறு. தெருவோரமாகக் கடைகளும் அலுவலகங்களும் சூழ்ந்திருக்க, நடுவே பரந்த மண்டபம் அமைந்தது. பக்கங்களிலிருந்து ஒளி புக வழியின்மையாற் கண்ணாடிக் கும்மட்டங்களின் வழியே அது மேலிருந்து பெறப்பட்டது. தெருமுகப்பு வாடகை ஈட்டிற்று; உள்மண்டபம் பேரத்துக்கு இடமளித்தது.

இத்துணைப் பெரிய மண்டபம் தேவைப்பட்டமைக்கு உற்பத்தி முறையிலேயே காரணம் உண்டு. லங்காஷயரின் பருத்தித் தொழில் ஒரே நிறுவனத்துள் அடங்கியதன்று. ஓல்டாம் நூற்பிலும், பேர்ன்லி, பிளாக்பேர்ன் ஆகியன நெசவிலும் சிறப்புற்றன. வெளுப்போர், சாயமிடுவோர், அச்சிடுவோர், ஏற்றுமதியாளர் ஆகியோர் பெரும்பாலும் தனித்தனி நிறுவனத்தினர். சிதறிக்கிடந்த இவ்வுற்பத்தியை ஒருங்கிணைத்தது சந்தையே. செவ்வாயும் வெள்ளியும் சுற்றுப்புற ஊர்களிலிருந்து புகைவண்டியில் வந்திறங்கிய வணிகர்கள், மண்டபத்தில் தத்தமக்கு வழக்கமான இடங்களில் நின்று வாய்மொழியாகப் பேரம் முடித்தனர். 1920 ஆம் ஆண்டளவில் உறுப்பினர் தொகை சுமார் 11,000 ஆகும். ஆலைகளில் நூற்ற பெண்களுக்கும் சிறுவர்க்கும் அம்மண்டபத்தில் இடமிருக்கவில்லை. அவர்கள்தம் உழைப்பு அங்கு விலையாக மாத்திரமே தோன்றிற்று.

அம்மண்டபத்தின் எல்லை லங்காஷயருடன் முடிந்ததுமன்று. 1861 வரை அங்கு நூற்கப்பட்ட பருத்தியின் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைகள் பறித்தது. உள்நாட்டுப் போரால் அது தடைப்பட்டபோது ஆலைகள் மூடப்பட்டன. பசியிலும் மான்செஸ்ரர்த் தொழிலாளர்கள் 1862 டிசெம்பர் 31 ஆம் நாள் கூடி அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்கு மடல் வரைந்தனர். பற்றாக்குறையை நிரப்ப இந்தியப் பருத்தி பெருமளவில் வரவழைக்கப்பட்டது. தூத்துக்குடி வழியாக ஏற்றுமதியான திருநெல்வேலிப் பருத்தி, அவ்வூர்ப் பெயராலேயே ஆங்கில வணிகர்களால் ஒரு தனி வகையாக அறியப்பட்டது. கரிசல் நிலத்து உழவர் கண்டிராத சந்தைகளின் ஏற்றத்தாழ்வுகள் அவர்தம் வாழ்வைப் பாதித்தன. மறுபுறம், 1913 இல் பிரித்தானியா ஏற்றுமதி செய்த ஏறத்தாழ 7,000 மில்லியன் யார் துணியில் இந்தியா மட்டும் சுமார் 3,000 மில்லியன் யாரைக் கொள்வனவு செய்தது. பருத்தியை விற்ற நாடே துணியையும் வாங்கவேண்டியதாயிற்று.

இவ்வுச்ச நிலை நீடிக்கும் என்ற நம்பிக்கையிலேயே மண்டபம் விரிவாக்கப்பட்டது. ஆயின் 1921 ஒக்ரோபரில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அதனைத் திறந்துவைத்தபோது வாணிபம் ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்தது. இந்திய ஆலைத் தொழிலின் வளர்ச்சியும் யப்பானின் போட்டியும் சுதேசி இயக்கமும் அச்சரிவை மீளமுடியாததாக்கின. கட்டடம் தன் பேரளவை எய்திய காலமே அதன் பொருளாதார அடித்தளம் நெகிழ்ந்த காலமாகும். 1940 டிசெம்பரில் ஜேர்மன் குண்டுவீச்சாற் பெரிதும் சிதைவுற்ற மண்டபம், 1953 இற் சுருங்கிய பரப்புடன் மீளத் திறக்கப்பட்டது. 1968 இறுதியில் வாணிபம் முற்றாக நின்றது.

வெறுமையுற்ற மண்டபத்துள் 1976 இல் வட்ட அரங்கொன்று நிறுவப்பட்டது. லெவிற் பேர்ன்ஸ்ரைன் நிறுவனத்தினர் வகுத்த அவ்வமைப்பு, உருக்கும் கண்ணாடியும் கொண்ட எழுபக்கக் கூடாகும். சுமார் 700 பேர் அமரத்தக்கது. பழைய தளம் ஏறத்தாழ 150 தொன் பாரத்தைத் தாங்கவல்லதன்று. ஆகவே நடுக் கும்மட்டத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களிலிருந்து அரங்கு தொங்கவிடப்பட்டது. மேடையும் தரைமட்ட இருக்கைகளுமே தளத்தின்மீது அமைந்துள்ளன. அடித்தளம், மேற்கட்டுமானம் ஆகியவற்றின் உறவினை இயந்திரப்பாங்காக விளக்குவோர்க்கு இவ்வமைப்பு சிந்தனைக்குரிய உவமையாகும். இங்கு கலை சந்தைத் தளத்தின்மீது செங்கல் அடுக்கியதுபோல் அமரவில்லை. சந்தையிலிருந்து விடுபட்டும் நிற்கவில்லை. சந்தை எழுப்பிய தூண்களே அதனைத் தாங்குகின்றன. உவமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தகாதெனினும், கலையின் சார்பு நிலையையும் தனித்தன்மையையும் அது ஒருங்கே உணர்த்துகின்றது.

1996 யூன் 15 ஆம் நாள் ஐரியக் குடியரசுப் படையினர் அருகே வெடிக்கவைத்த குண்டினாற் சேதமுற்ற கட்டடம், திருத்தப்பட்டு 1998 நவம்பரில் மீளத் திறக்கப்பட்டது. இன்றும் மண்டபத்தின் உயரத்தே, வாணிபத்தின் இறுதிநாள் விலைகளைக் காட்டும் பலகை அவ்வாறே பேணப்படுகின்றது. நாடகம் காண வருவோர் அதனைப் பழமையின் அழகிய சின்னமாக நோக்குதல் இயல்பே.

ஆயின், விலை என்பது மனிதரிடையேயான உறவு ஒன்று பொருள்களிடையேயான உறவாகத் தோன்றும் வடிவம் என்பதை மார்க்சியம் எமக்குக் கற்பித்துள்ளது. பலகையில் எண்கள் எஞ்சின. அவ்வெண்களுக்குப் பின்னிருந்த அடிமையும், ஆலைப் பெண்ணும், திருநெல்வேலி உழவரும் அதில் இல்லை. மரபுரிமைப் பாதுகாப்பு கும்மட்டத்தையும் தூணையும் பேணுதல் விரும்பத்தக்கதே. ஆனால், அவற்றை எழுப்பிய செல்வம் யாருடைய உழைப்பிலிருந்து பிறந்தது என்ற வினாவையும் பேணினாலன்றி அது வரலாற்றுப் பாதுகாப்பு ஆகாது. அவ்வினாவை எழுப்புதற்கு, சந்தை நின்ற இடத்திலே மனித வாழ்வைப் பேசும் அரங்கொன்று அமைந்திருத்தல் ஏற்ற வாய்ப்பாகும் என்பதே எமது கருத்து.