கோவையா, திருப்பூரா?

"பொண்ணுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை, மாப்பிள்ளைக்குக் கோயமுத்தூர்ல. எங்கக்கா குடி வைக்கிறது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுத் தங்கை. நடுவே 50 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு ஊருக்கும் குணம் வேறு!

கோவை என்றதும் நாக்கு சிறுவாணித் தண்ணீரைத் தேடும். (எல்லாத் தெருவுக்கும் சிறுவாணி வராது, பில்லூர் தண்ணீர் வரும் பகுதிகளும் உண்டு. வீடு பார்க்கும்போதே விசாரித்துக் கொள்ளுங்கள்.) பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, கல்லூரி, ஆஸ்பத்திரி... எதற்கும் குறைவில்லை.

திருப்பூரில் தண்ணீர்தான் கவலை. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து கோவை வழியே வரும் நொய்யல், இங்கே சாயக்கழிவால் பாழானது. 2011-ல் உயர்நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்த பிறகே பட்டறைகள் திறந்தன. இன்றும் சமையலுக்கு போர்வெல் தண்ணீரைத் தொடாதீர்கள். குழாய்த் தண்ணீரையே பிடித்துக் காய்ச்சுங்கள்.

ஆனால் செக்கிங், தையல், பேக்கிங் என்று பெண்களுக்குக் கைநிறைய வேலை தரும் ஊர் அது. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும் தெம்பே தனி!

"நல்ல தண்ணின்னு கோயமுத்தூர் போனா, அவ வேலையை விடணுமேம்மா? ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு ராத்திரியில எப்படி வருவா?" என்றேன். தங்கை யோசித்தாள்.

திருப்பூரில் ரயிலடிக்குப் பக்கமாக வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை ரயிலில் போய் வரட்டுமே!