உரிமைத்தொகை மேல்முறையீடு: மூன்று அடுப்பும் ஒரு மீட்டரும்

மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தமிழக அரசு 2023-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று குறுஞ்செய்தி பெற்றவர்களுக்கு, மேல்முறையீட்டுக்கான 30 நாள் அக்டோபர் 18-உடன் முடிந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கமிருந்து அப்போது எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன: "முகாம்ல ஒரு குறையும் சொல்லலைங்களே, அப்புறம் எப்படித் தள்ளுபடி ஆச்சு?"

விடைக்கு முன் ஒரு சொல்: அரசு நிர்வாகத்தில் இப்போது 'டிசைன் திங்கிங்' என்பது அதிகம் அடிபடுகிறது. திட்டத்தைத் தேடி வருபவர் படும் பாட்டை முதலில் நேரில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு விதியை எழுது என்பதுதான் அதன் சாரம். டென்மார்க் அரசு இதற்காகவே 2002-ல் 'மைண்ட்லேப்' என்ற தனிப் பிரிவை நடத்தத் தொடங்கி 2018-ல் மூடியது. பிரிவு இருக்கிறதா, பெயர் என்ன என்பதெல்லாம் பெரிதல்ல. வாசலில் பார்த்தது விதிக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி.

உரிமைத்தொகையின் முதல் பாதியில் அது நடந்தது. ஜூலை 24-ல் தொப்பூரில் தொடங்கிய பதிவு முகாம்களுக்கு முன்பே, ரேஷன் கடைக்காரர்கள் வீடு தேடி வந்து விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்தார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது டோக்கனிலேயே இருந்தது. வருமானச் சான்று, நில ஆவணம் எதற்கும் தாலுகா ஆபீஸ் போக வேண்டாம், ஜெராக்ஸ் இணைக்க வேண்டாம் என்றார்கள். ஒரு சான்றிதழுக்காக இரண்டு நாள் தறிக்கூலியை விட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். இதை யோசித்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஏன் காகிதம் கேட்கவில்லை? மின் இணைப்பு, வாகனம், நிலம், வரி என்று எல்லாப் பதிவேடுகளும் அரசிடமே இருக்கின்றன. நீங்கள் எழுதிக் கொடுத்ததை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்களில் 1 கோடியே 6 லட்சம் தேறின. மற்றவர்களை 'தகுதியற்றவர்கள்' என்றது அரசு. ஏதோ ஒரு பதிவேட்டோடு ஒத்துப்போகாதவர்கள் என்பதுதான் அதற்குச் சரியான பொருள்.

கரண்ட் கணக்கைப் பாருங்கள். வீட்டு உபயோகம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது 2023-ல் இருந்த விதி. இரண்டு மாத பில்லுக்கு 600. ரேஷன் கார்டு குடும்பத்துக்கு ஒன்று, மீட்டரோ பல இடங்களில் கட்டடத்துக்கு ஒன்று. தறிப்பட்டறை ஊர்களின் லைன் வீடுகளில் வீட்டுக்காரர் பெயரில் ஒரே சர்வீஸ் இருக்கும். அதில் மூன்று குடும்பம் குடியிருக்கும். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்துக்கு 210 யூனிட் எரித்தால் ஆண்டுக்கு 1,260. வரம்பில் பாதிகூட இல்லை. மூன்றும் சேர்ந்தால் 3,780. மூன்று பெண்களும் ஒரே சர்வீஸ் நம்பரை எழுதியிருப்பார்கள். விதியை எழுத்துக்கு எழுத்துப் பொருத்தினால் மூவருமே வெளியே.

அடுத்தது லாரி. 'சொந்தப் பயன்பாட்டுக்கு கார், ஜீப், டிராக்டர், கனரக வாகனம்' வைத்திருந்தால் தகுதி இல்லை என்றது அப்போதைய விதி. கனரக வாகனத்தைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பவர் நாமக்கல்லில் யார்? ஃபைனான்ஸில் ஒரு பழைய லாரி எடுத்து, தானே ஓட்டித் தவணை கட்டுகிறவருக்கு அது பிழைப்பு. இந்த வரியை எழுதியவர் நாமக்கல் பட்டறை மேட்டில் ஒரு காலைப்பொழுது நின்றிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். வண்டியை விற்ற பிறகும் ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றாதவர்கள் இன்னொரு வகை. கையில் வண்டி இல்லை, பதிவேட்டில் இருக்கிறது.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. டோக்கன் கொடுக்க வாசலுக்கு வந்த ரேஷன் கடைக்காரர் அந்த லைன் வீட்டின் மூன்று அடுப்பையும் பார்த்தார். அந்தத் தெருவில் யார் வீட்டில் எப்படி என்பது அவருக்குத் தெரியும். பார்த்ததை எழுத அவருக்கு ஒரு கட்டம்கூடத் தரப்படவில்லை. வீடு வரை நடந்து வந்த அரசு, பார்த்ததைக் கேட்காமல் திரும்பிப் போய்க் கணினியைக் கேட்டது. மேல்முறையீடு வந்த பிறகு, தேவைப்பட்டால் கள ஆய்வு என்றார்கள். முதலிலேயே முழுமையாக நடந்திருக்க வேண்டியது அது.

மேல்முறையீட்டை இ-சேவை மையத்தில் பதிய வேண்டியிருந்தது. முடிவெடுத்தவர் வருவாய்க் கோட்டாட்சியர். அவரது அலுவலகம் உள்ள ஊர்கள்: நாமக்கல் மாவட்டத்தில் நாமக்கல், திருச்செங்கோடு; சேலம் மாவட்டத்தில் சேலம், மேட்டூர், சங்ககிரி, ஆத்தூர். கஷ்டத்தை நீளமாக எழுதுவதைவிட, எந்தப் பதிவேடு எங்கே தவறு என்று எழுதுவதே இத்தகைய மேல்முறையீட்டில் பலன் தரும். 'இந்த சர்வீஸில் மூன்று ரேஷன் கார்டு குடும்பங்கள் உள்ளன' என்ற ஒரு வரியும் மூன்று கார்டு எண்களும் பத்து வரிப் புலம்பலைவிடப் பலமானவை.

மற்றக் கேள்விகள்:

மாமியாருக்கு முதியோர் ஓய்வூதியம் வருகிறது, மருமகளுக்குக் கிடைக்குமா? கிடைக்கும், அந்த விதி 2023 ஆகஸ்டிலேயே தளர்த்தப்பட்டது.

வந்த ஆயிரத்தை மினிமம் பேலன்ஸுக்காக வங்கி பிடித்துக்கொண்டது. பிடிக்கக் கூடாது என்று 2023-ல் நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு சொன்னார். 1100 என்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

ஓ.டி.பி. கேட்டு போன் வருகிறது. சொல்லாதீர்கள், அது மோசடி.

மேல்முறையீட்டுக்கு எப்போது பதில்? 30 நாளுக்குள் என்றது அரசு.