‘டிரெய்னர்’னா ஜிம் மாஸ்டரா? அமெரிக்க கிளினிக்குகளில் ஒரு பெயர்க் குழப்பம்

கூடைப்பந்து ஆடும்போது முழங்கால் பிசகிவிட்டது. அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் மெடிசின் கிளினிக்குக்குப் போகிறீர்கள். டாக்டருக்கு முன்பே ஒருவர் வந்து காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறார். ‘நான் அத்லெடிக் டிரெய்னர்’ என்கிறார். ‘ஜிம் மாஸ்டருக்கு இங்கே என்ன வேலை?’ என்றுதான் பலருக்குத் தோன்றும்.

யார் இவர்?

காயத்தைப் பரிசோதிக்கவும், முதலுதவி தரவும், மீண்டும் ஆடவைக்கவும் படித்தவர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக அங்கீகரித்துவிட்டது. இப்போது புதிதாகச் சேர முதுகலைப் படிப்பு, தேசியத் தேர்வு இரண்டும் வேண்டும்.

பெயரால் என்ன சிக்கல்?

‘டிரெய்னர்தானே, டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்’ என்று பாதியை விழுங்கிவிடுவோம். அடிபட்டபோது ‘டப்’ என்று சத்தம் கேட்டதா, உடனே வீங்கியதா? ஜவ்வு கிழிந்திருக்கலாம் என்று காட்டும் தடயங்கள் இவை. அதைக் கேட்டுக் குறித்து டாக்டரிடம் சொல்பவரே இவர்தான்.

எப்போது மதிப்பு புரியும்?

பெரும்பாலும் டாக்டர் போன பிறகு. ஊன்றுகோலுடன் படியேறுவது எப்படி, வீட்டில் என்ன பயிற்சி செய்வது என்று நிதானமாகச் சொல்லித்தருவதும் இவரே. அதனால் முதல் கேள்விக்கே முழுசா பதில் சொல்லிடுங்க.