முகக்கவசத்திற்கு ஏற்ற துணி எது?

தாய்மார்களே, தையல் இயந்திரம் உள்ள வீட்டில் முகக்கவசம் தைப்பது பெரிய காரியமன்று. துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

‘துணி எவ்வளவு தடிப்போ, அவ்வளவு பாதுகாப்பு’ என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. காற்று எளிய வழியையே தேடும். துணி மூச்சுக்கு வழிவிடாவிட்டால், கன்னத்தோரத்திலும் மூக்கோரத்திலும் உள்ள இடைவெளி வழியே அது நுழைந்துவிடும். கவசம் முகத்தில் இருக்கும், பயன் இராது. சாஆவின் வெயிலிலும் புழுக்கத்திலும் மூச்சு முட்டினால், கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிடவே கை போகும்.

துணிக்கவச வரலாற்றில் நம் நாட்டில் பிறந்தவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. பினாங்கில் 1879-இல் பிறந்த டாக்டர் வூ லியன் தே, 1910-11-இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, வலைத்துணியும் பஞ்சும் சேர்ந்த கவசத்தை அணியச் செய்தார். கோவிட் காலத்தில், 2020 ஆகஸ்ட் 1 முதல் நெரிசலான பொது இடங்களில் கவசம் நமக்கும் கட்டாயமாயிற்று. அந்தக் கட்டாயம் பின்னர் நீங்கியது. ஆயினும், இருமலும் சளியும் உள்ள வீட்டில் அதன் தேவை நீங்கவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் மூன்று அடுக்குகளைப் பரிந்துரைத்தது. வாயை ஒட்டிய அடுக்கு ஈரத்தை உறிஞ்சும் பருத்தி. வெளி அடுக்கு, எளிதில் நனையாத பாலியஸ்டர் கலந்த துணி. நடுவில் நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன் அல்லது இன்னொரு பருத்தி அடுக்கு.

வெட்டுமுன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். நூல்களுக்கிடையே ஓட்டை ஓட்டையாக ஒளி தெரிந்தால், நெசவு தளர்வானது. தேய்ந்துபோன பழைய வேட்டி இதில்தான் தோற்கும். அடுத்து, மூன்று அடுக்கையும் சேர்த்து வாயில் வைத்து மூச்சு விட்டுப் பாருங்கள். சிரமமாக இருந்தால் வேறு துணி பாருங்கள். இழுத்தால் நீளும் பனியன் துணி வேண்டாம். இழுபடும்போது அதன் கண்கள் விரியும். புதுத் துணியை முதலில் துவைத்துச் சுருங்கவிட்டு, பிறகு வெட்டுங்கள்.

நனைந்த கவசத்தை உடனே மாற்றுங்கள். நாள்தோறும் சவர்க்காரமிட்டு, முடிந்தால் வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கவசம் கட்டாயமாக அணிவிக்க வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

தோட்டத்து அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. துணிக்கவசம் எச்சில் துளிகளைத் தடுக்கத்தான். களைக்கொல்லி மருந்தடிக்கும்போதும், புகைமூட்டம் சூழும்போதும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். மருந்தின் நஞ்சும் புகையின் நுண்துகளும் துணியைக் கடந்து செல்லும். அவ்வேலைக்குரிய கவசத்தை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. உங்கள் உயிரும் அதில் இருக்கிறது.